ஒரு வார்த்தை பேசிட்டுக் குடு

இது எனக்கு நேரில் தெரிந்த கதையல்ல. தாரணியின் சித்தி சுகந்தி சொல்லித்தான் கேட்டேன். அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்தேன். தாரணி அன்று நீதிமன்றத்தில் என்னென்ன நினைத்தாள் என்பதை அவளே பிறகு சித்தியிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறாள். விட்டுப்போன இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். நிரப்பியதில் தவறு இருந்தால் அது என்னுடையது.

“வேலுச்சாமி” என்று கதவருகே நின்ற காவலர் கூப்பிட்டதும் தாரணியின் முதுகு தானாக நிமிர்ந்தது, ஷூவுக்குள் கால்விரல்கள் மடங்கின, பிறகுதான் கூப்பிட்டது தன்னைத்தான் என்று புரிந்தது. இந்த ஊரில் அவள் வேலுச்சாமி. கரூரில் பள்ளிக்கூடத்தில் வெறும் வே. தாரணி, அந்த ஒற்றை எழுத்துக்குள் அப்பா மடங்கிக் கிடந்தார், யாரும் அவரை முழுதாக வெளியே எடுத்ததில்லை. பாஸ்போர்ட்டுக்காக விரித்து எழுதினார்கள், நியூயார்க்கில் வந்து இறங்கியதும் அதுவே அவள் பெயராகிவிட்டது. அப்பாவோடு இனி வாழ முடியாது என்று சொல்ல வந்த இடத்திலும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அவளும் பணிவாகக் கையைத் தூக்குகிறாள். காவலர் ஆள் வந்தாயிற்று என்று குறித்துக்கொண்டு, இன்னும் நேரமாகும் என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டிவிட்டுப் போனார். மறுபடி பெஞ்ச். மறுபடி எதிர்ச் சுவர். குடும்ப நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் எல்லாருடைய முகமும் ஒன்றுபோல் இருந்தது, நெடுந்தூரப் பேருந்தில் உட்கார்ந்தபடியே தூங்கி எழுந்தவர்களின் முகம். அவளுக்கும் தூக்கம் இல்லை. உடம்பின் களைப்பு என்றால் படுத்தால் போய்விடும், இது அப்படி இல்லை. ஒரே கேள்விக்கு ஒரே பதிலை மூன்று வாரமாகத் தனக்குள் சொல்லிச் சொல்லி வந்த களைப்பு. கடைசியாக உன் அப்பாவிடம் எப்போது பேசினாய்? நீதிபதி இதைக் கட்டாயம் கேட்பார் என்று வக்கீல் எலேனா சொல்லியிருந்தார். இங்கே வந்த பிறகு பேசவே இல்லை என்று தாரணி அன்றைக்குச் சொன்னாள், எலேனா அதை எழுதிக்கொண்டார், சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டாயிற்று. அன்றைக்கு அது உண்மை. இன்றைக்கு அது உண்மையா என்பதுதான் தெரியவில்லை. ஒரு வார்த்தை பேசினால் பேசியதாகுமா? ஒரு வார்த்தை எத்தனை வார்த்தை?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரூரில் அப்போது சாயங்காலம், பெரிய மாமா வீட்டில் அவர் மகளுக்குச் சீர், வாசலில் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி. வீடியோவில் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் அந்தக் குடும்பத்தில் போன் ஒரு கையில் நிற்காது. அங்கே மாமா கையிலிருந்து அத்தை கைக்கு, அத்தையிடமிருந்து சமையல்காரருக்கு, அவரிடமிருந்து யாரென்றே தெரியாத ஒரு பெரியவருக்கு. இங்கே சித்தி கையிலிருந்து சித்தப்பாவுக்கு, சித்தப்பாவிடமிருந்து குளியலறையிலிருந்து ஓடிவந்த அவர்கள் பையனுக்கு. ஒரு வார்த்தை பேசிட்டுக் குடு, ஒரு வார்த்தை பேசிட்டுக் குடு. நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கறோம், அங்க குளிரா, ஆமாங்க குளிரு, இரு இவங்ககிட்டக் குடுக்கறேன். இரண்டு பக்கமும் அப்படியே நகர்ந்து நகர்ந்து, ஒரு கணத்தில் இங்கே போன் தாரணியின் கையில் இருந்தது, அங்கே அப்பாவின் கையில் இருந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சித்தியின் கை நீண்டது, அவள் கை வாங்கியது, அவ்வளவுதான். வழக்கின் நோட்டீஸ் அப்பாவின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எம்பொண்ணு எம்மேலயே கேசு போட்டிருக்குது என்று அப்பா பட்டறையில் எல்லாரிடமும் சொன்னதாக மாமா சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட அப்பா, புது வெள்ளைச் சட்டையில், நெற்றியில் சந்தனத்தோடு, போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விழித்தார். அவருக்குப் பின்னால் பந்திக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள். அம்மா இல்லை. போன் அத்தை கையில் இருந்தபோதும் இல்லை, மாமா கையில் இருந்தபோதும் இல்லை. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுச் சீரில் அம்மா இல்லை. தாரணியின் வாய் திறந்தது. “சாப்ட்டீங்ளாப்பா?” என்றாள்.

அதற்கு அப்பா “ம்” என்றார். “ஆச்சு” என்றாரா என்பது நிச்சயமில்லை, ஒலிபெருக்கி. பிறகு போன் வேறு கைக்குப் போய்விட்டது. தோசை கருகியது. சித்தி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அன்று மாலை அம்மா தானாகவே கூப்பிட்டு, காச்சலடிச்சுது கண்ணு, அதான் சீருக்குப் போவல என்றாள். காய்ச்சல் என்றால் காய்ச்சலாகவும் இருக்கலாம். ஒரு தடவை காய்ச்சல் என்று சொல்லித்தான் அம்மா ஒரு வாரம் முக்காடு போட்டுக்கொண்டு திரிந்தாள். ஏன் வேறெதையும் கேட்காமல் அதைக் கேட்டோம்? அம்மா எங்கே என்று கேட்டிருக்கலாம். அம்மாவை என்ன செஞ்சீங்க என்று கேட்டிருக்கலாம். ஒன்றும் கேட்காமல் போனைச் சித்தப்பாவிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் மனசுக்கு அந்தக் கேள்விதான் பழக்கம். வீட்டில் அதை அப்பாவிடம் யாரும் கேட்டதில்லை; அவளும் அம்மாவும் ஒருவருக்கொருவர் கண்ணாலேயே கேட்டுக்கொள்வார்கள். அப்பா பட்டறையிலிருந்து வந்து உட்கார்ந்தால், சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை வீட்டில் மூச்சு விடுவதும் கணக்குப் பார்த்துத்தான். சோறு குழைந்தால் தட்டு சுவருக்குப் போகும். குழையாவிட்டாலும் போகும். தட்டுக்குப் பின்னால் அம்மா போவாள். பட்டறையில் பஸ்களுக்குக் கூடு கட்டும் அலுமினியப் பட்டி ஒன்று வீட்டுக் கதவுக்குப் பின்னால் எப்போதும் சாய்ந்து நிற்கும். அதன் ஓரம் இழுத்த கோடு தாரணியின் முழங்கைக்குக் கீழே இன்னும் இருக்கிறது, எலேனா அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். ஜன்னல் இல்லாத, இருக்கை இல்லாத ஒரு பஸ் கூட்டுக்குள் அவளை வைத்துப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போன ராத்திரியும் உண்டு, பள்ளிக்கூட டூருக்குப் பெயர் கொடுத்ததற்காக. ஆனால் பின்புறத் தொட்டியில் செம்பால் மொண்டு அவர் கை கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டுவிட்டால் போதும். அந்தச் சத்தம் வந்தால் அன்றைய நாள் தீர்ந்தது. அம்மா அடுக்களையில் முந்தானையால் முகத்தைத் துடைப்பாள், வா கண்ணு நாம திங்கலாம் என்பாள். சாப்ட்டீங்ளாப்பா என்றால் அதுதான். இன்னைக்கு அம்மா தப்பிச்சாளா என்பதுதான். ஆனால் அதை இங்கே யாரிடம் போய்ச் சொல்வது, கேட்கிறவர்களுக்கு அது ஒரு மகள் அப்பாவிடம் அன்பாகக் கேட்டதாகத்தானே இருக்கும், இருந்தால் நீதிபதி என்ன நினைப்பார், இந்தப் பெண்ணுக்கும் அப்பாவுக்கும் நடுவில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஊருக்கே போகட்டும் என்றுதானே.

“ஏங்கண்ணு, இன்னொரு சுளை தின்னு” என்று சித்தி ஆரஞ்சை நீட்டினாள்.

“வேண்டாஞ் சித்தி.”

“வெறும் வயித்தோட போயி நின்னீன்னா மயக்கம் வந்துரும். அப்பறம் அதுக்கொரு கேசு நடத்தோணும்.”

“சித்தி, அதைச் சொல்லிரட்டுமா?”

“எதை?”

“போன்ல பேசுனதை.”

சித்தி பழத்தோலைக் கைக்குட்டைக்குள் சுருட்டினாள். “அதெல்லாம் ஒரு பேச்சா? அன்னிக்கு ஊரே பேசுச்சு. பந்தக்காரன் பேசுனான். உங்க மாமா வூட்டு நாயைக்கூடக் கொண்டாந்து காட்டுனாங்க, அதும் ஒரு வார்த்தை கொலைச்சுது. அதையெல்லாம் ஜட்ஜ்கிட்டச் சொல்லுவியா?” பிறகு குரல் தாழ்ந்தது. “நாந்தான கண்ணு குடுத்தேன். என்ற கையை ஒடிக்கோணும்.”

சித்தி பாவம். சித்திதான் இன்றைக்குப் பாதுகாவலராகப் போகிறவள். இரண்டரை வருடத்துக்கு முன்னால், கோடை லீவுக்கு அக்கா மகளைக் கூட்டிப்போகிறேன் என்று அப்பாவிடம் சிரித்துப் பேசிச் சம்மதம் வாங்கியவளும் சித்திதான். அப்பாவும் அமெரிக்கா போன மகள் என்ற பெருமைக்காகத் தலையாட்டினார். திரும்பி வர டிக்கெட் இருந்தது. அதை யாரும் பயன்படுத்தவில்லை. அதற்குப் பிறகுதான் வழி தேடினார்கள். எலேனாவின் அறையில் ஒவ்வொரு வழியாகத் திறந்து திறந்து மூடிய அந்த மத்தியானம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. சித்தியும் சித்தப்பாவும் தத்தெடுத்தால்? பதினாறு வயதுக்குள் எடுத்திருக்க வேண்டும், போயிற்று. மாணவர் விசா? வந்த விசாவின் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது. அடைக்கலம்? அப்பாவுக்குப் பயந்து வந்தேன் என்பதை அங்கே நிரூபிப்பது கடினம், அது வேறு மாதிரிப் பயத்துக்கான வழி என்றார் எலேனா. யாராவது நல்ல பையனாப் பாத்துக் கட்டி வெச்சுட்டாப் போச்சு என்று வீட்டுக்கு வந்த சித்தப்பாவின் நண்பர் ஒருவர் சிரித்தார், சித்தி அவருக்கு அதற்கப்புறம் காபி கொடுக்கவில்லை. கடைசியாகத்தான் இந்த வழி. பெற்றோரில் ஒருவரிடமாவது பிள்ளை திரும்பிப் போய் வாழ முடியாது, அந்த அளவுக்குக் கொடுமையோ கைவிடலோ நடந்திருக்கிறது, ஊருக்கு அனுப்புவது அவள் நன்மைக்கு உகந்ததல்ல என்று குடும்ப நீதிமன்றம் சொல்ல வேண்டும். அந்த உத்தரவை வைத்துக் குடியேற்ற அலுவலகத்துக்கு மனு. இருபத்தொரு வயதுக்குள் மனு போய்ச் சேர்ந்துவிட வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. மனுவை ஏற்றுக்கொண்டால் வரிசையில் வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும், பிறகு கிரீன் கார்டு, அதற்கும் பிறகு குடியுரிமை. அந்த வரிசையின் கடைசியில் அம்மா நிற்கிறாள். தாரணிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் அதற்குத்தான். நீ முன்னாடி போ கண்ணு, காலூணிக்க, பின்னாடியே நான் வந்தர்றேன் என்று கோயம்புத்தூர் விமான நிலையத்தின் கண்ணாடிக்கு வெளியே நின்று அம்மா சொன்னாள், சத்தம் கேட்கவில்லை, உதடு மட்டும் தெரிந்தது, ஆனால் முந்தின நாளெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் எலேனா அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார், அதனால் அது முக்கியமான விஷயம். இந்த வழியில் போனால் உன் பெற்றோருக்கு உன் மூலமாக இங்கே வர எந்த உரிமையும் கிடைக்காது, யோசித்துச் சொல். தாரணி உடனே சரி என்றாள். அப்பா வர வேண்டும் என்று யார் அழுதார்கள். வெளியே வந்து ரயிலில் உட்கார்ந்து மூன்று நிலையம் தாண்டிய பிறகுதான் அந்த வாக்கியம் உள்ளே இறங்கியது. பெற்றோர் என்றாரே. பெற்றோர் என்றால் அப்பாவைத்தான் சொல்லியிருப்பார், தப்புச் செய்தது அப்பாதானே, வழக்கு அவர் மேல்தானே, அம்மாதான் சம்மதம் என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்திருக்கிறாளே, அவளை எப்படிச் சேர்ப்பார்கள். இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்வது வாய்ப் பழக்கம். திரும்பிப் போய்க் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த முறை கேட்கலாம். அடுத்த முறை எலேனா அவசரத்தில் இருந்தார். அதற்கடுத்த முறை நன்றாகச் சிரித்துப் பேசினார், அதைக் கெடுப்பானேன் என்று இருந்தது. இணையத்தில் தேடினால் ஒரு நிமிடம். தேடும் பெட்டியில் பாதி எழுதி அழித்திருக்கிறாள். கேட்காதவரை அம்மா வரிசையில் நிற்கிறாள். கேட்டுவிட்டால், ஒருவேளை, நிற்கமாட்டாள். நீதிபதி கேட்கப்போகிற கேள்வி ஒன்று, எலேனாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் இந்தப் பெஞ்ச். அது மரம்தான், ஆனாலும் அடியில் எங்கோ இரும்பு வாடை வந்துகொண்டே இருந்தது, கூட்டுக்குள் பூட்டப்பட்ட ராத்திரியின் வாடை.

எலேனா கோப்புகளை அணைத்துக்கொண்டு வந்தார், பின்னாலேயே மொழிபெயர்ப்பாளர், வெள்ளை மீசையும் பின்னல் ஸ்வெட்டருமாக ஒரு பெரியவர். “நான் சிவபாதம். பிள்ளை, எனக்கு யாழ்ப்பாணம். என்ர தமிழ் உங்களுக்கு விளங்குதோ?”

“வெளங்குதுங்க ஐயா.”

“பயப்பிடாதேங்கோ. நீங்கள் சொல்லுறதை நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். நீங்கள் ‘நான்’ எண்டு சொன்னால் நானும் ‘நான்’ எண்டுதான் சொல்லுவன். அதுதான் இங்கத்தைய முறை. சிரிக்கப்படாது, என்ன?”

சித்திதான் சிரித்தாள். மறுபடி வேலுச்சாமி என்று கூப்பிட்டார்கள், மறுபடி முதுகு நிமிர்ந்தது.

உள்ளே அறை அவள் நினைத்ததைவிடச் சின்னது, பள்ளிக்கூட ஆய்வகம் மாதிரி. நீதிபதிக்குச் சளி பிடித்திருந்தது. சத்தியம், பெயர், வயது, யாரோடு இருக்கிறாய், பள்ளி முடித்துவிட்டாயா. அப்புறம் கையில் இருந்த கோடு, பஸ் கூடு, தட்டு. அவள் தமிழில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் சிவபாதம் ஐயாவின் தளர்ந்த குரல் ஆங்கிலத்தில், என் அப்பா என்னை அடித்தார், நான் அப்போது பத்தாம் வகுப்பு, என்றது. எழுபது வயது ஆணின் வாயிலிருந்து தன் பயம் வருவதைக் கேட்க விசித்திரமாக இருந்தது, கொஞ்சம் இளைப்பாறலாகவும் இருந்தது, சுமையை யாரோ சிறிது நேரம் வாங்கிக்கொண்டதுபோல. அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. ஆங்கிலத்திலேயே புரிந்துவிட்டது, ஆனாலும் ஐயா சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பேசவே இல்லை என்று சொன்னால் முடிந்தது. எழுத்தில் இருப்பதும் அதுதான். இந்த இடத்தில் ஒரு பொய்யை வைத்துவிட்டு அதன் மேல் அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்த முடியுமா என்று ஒரு யோசனை. இது பொய்யே இல்லை என்று இன்னொரு யோசனை. சித்தி பின் வரிசையில் தொண்டையைச் செருமினாள்.

“மூணு வாரத்துக்கு முன்னாடி பேசுனேன்” என்றாள் தாரணி.

எலேனாவின் பேனா நின்றது. என்ன பேசினாய் என்றார் நீதிபதி.

“சாப்ட்டீங்ளாப்பான்னு கேட்டேன்.”

சிவபாதம் ஐயா அதைச் சொன்னதும் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் லேசாகப் புன்னகைத்தாள். நீதிபதியின் முகமும் இளகியது, அதுதான் பயம். அப்படியானால் அப்பாவின் மேல் உனக்கு அக்கறை இருக்கிறது என்றார், கேள்வியாகவும் இல்லை, முடிவாகவும் இல்லை. தாரணிக்குக் காதுக்குள் ஒலிபெருக்கி இரைந்தது. பதில் சொல்ல ஆங்கிலமும் வரவில்லை, ஒழுங்கான தமிழும் வரவில்லை. “இல்லைங்க. அவுரு சாப்ட்டுட்டுக் கை கழுவற சத்தம் கேட்டாத்தானுங்க எங்கம்மாளுக்கு அன்னிக்கு அடி இல்லைன்னு அர்த்தம். அந்த ஊட்டுல நாங்க அதைத்தான் கேட்டுட்டு உக்காந்திருப்போம். வீடியோவுல எங்கம்மா இல்லை. எங்க போனா, என்ன ஆனான்னு தெரியலைங்க. அதான் கேட்டேன். அவுரு சாப்ட்டாரான்னு கேக்கலீங்க. எங்கம்மா இருக்கறாளான்னு கேட்டேன்.”

ஐயா கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, கூட்டாமல், குறைக்காமல், இல்லை, அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டால்தான் என் அம்மாவுக்கு அன்று அடி இல்லை, என்று தொடங்கினார். அந்தக் குரல் ஓரிடத்தில் மட்டும் உடைந்து, சரியாகி, போய் முடிந்தது. தட்டச்சுச் சத்தம் அதைத் துரத்திக்கொண்டு வந்து நின்றது. நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு எங்கேயோ பார்த்தார். எலேனா எழுந்து, உறுதிமொழி எழுதிய தேதிக்குப் பிறகு நடந்தது இது, பதிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சேர்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் சித்தியிடம் சில கேள்விகள். உத்தரவு தருகிறேன் என்று நீதிபதி சொன்னது மற்ற வார்த்தைகளின் அதே சளிக்குரலில்தான் வந்தது, அதனால் சித்தி கையைப் பிடித்து நசுக்கும்வரை தாரணிக்கு அது தெரியவில்லை.

தாழ்வாரத்தில் அதே பெஞ்ச், வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. எலேனா அடுத்த மனுவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். கேட்கலாம். இதுதான் நேரம். அதற்குள் சித்தி கரூருக்குப் போன் போட்டு, ஆயிருச்சுக்கா, ஆயிருச்சு, என்று அழுதுகொண்டே பேசி, இரு, ஒரு வார்த்தை பேசிட்டுக் குடு என்று போனை நீட்டிவிட்டாள்.

“கண்ணு” என்றாள் அம்மா. அடுக்களையிலிருந்து, உதட்டை ஒட்டிப் பேசுகிற குரல். “மெதுவாப் பேசு. உங்கப்பா சாப்ட்டுட்டிருக்கறாரு.”

“ஆயிருச்சும்மா.”

“சுகந்தி சொன்னா. எம் மனசு நெறஞ்சு போச்சு. அப்ப எனக்கு எப்ப கண்ணு? எத்தனை வருசமானாலுஞ் சரி, நான் இருக்கறேன். நான் எங்க போயிரப் போறேன்.”

தாரணி எலேனாவைப் பார்த்தாள். எலேனா அவளைப் பார்த்துச் சிரித்து, பிறகு பேசலாம் என்று கையசைத்துவிட்டு லிஃப்ட்டுக்குள் போனார். கதவு மூடியது. அம்மா அந்தப் பக்கம் பதிலுக்குக் காத்திருந்தாள். இவள் இந்தப் பக்கம் வேறு ஒன்றுக்குக் காத்திருந்தாள். பிறகு தூரத்தில், பின்புறத் தொட்டியருகே, செம்பிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“கேட்டுதாம்மா?” என்றாள்.

“கேட்டுது கண்ணு” என்றாள் அம்மா.

அம்மா கேட்டதற்குத் தாரணி அன்று பதில் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை என்று சித்தி என்னிடம் சொன்னாள். அம்மா வர முடியுமா என்பது சித்திக்கும் நிச்சயமாகத் தெரியாது. நான் பிறகு அந்தச் சட்டப் பிரிவை எடுத்துப் படித்துப் பார்த்தேன். இந்த வழியில் குடியேறும் பிள்ளை பின்னாளில் அமெரிக்கக் குடிமகளே ஆனாலும், தன்னைப் பெற்றவர் எவருக்கும், பெற்றவர் என்ற உறவை வைத்து, குடியேறும் உரிமை எதையும் வாங்கித் தர முடியாது. அடித்தவர், அடிவாங்கியவர் என்று அந்த வரி பிரித்துச் சொல்லவில்லை.